கார் நாள், பைக் நாள்

கோவில்பதாகை
20.1.2025

அண்ணனுக்கு,

யுவராணி எழுதுவது. இங்கே நான் சுகம். அம்மாவுக்கு முழங்கால் வீக்கம் குறைந்ததா என்று தெரிந்துகொள்ள ஆசை. உன் சுகத்தை விசாரிக்கும் மனநிலையில் நான் இல்லை.

உன் நம்பரை பிளாக் செய்திருக்கிறேன். போனில் பேசினால் வாயில் கெட்ட வார்த்தைதான் வரும். அதனால்தான் கடிதம்.

நேற்று பைக் நாள். இருட்டோடு கிளம்பி, பூந்தமல்லி தாண்டி, விரல் விறைக்க விறைக்க ரேஸ் டிராக் வாசலுக்குப் போய்ச் சேர்ந்தேன். லெதர் சூட் மாட்டி, வண்டியின் கண்ணாடிகளைக் கழற்றி, விளக்குக்கு டேப் ஒட்டி, சோதனை வரிசையில் நிற்கிறேன். ஞானசேகரன் சார் வந்தார். டிராக் நாட்களை நடத்துகிறவர், எனக்கு வளைவு எடுக்கக் கற்றுக்கொடுத்தவர், என் முகத்தைப் பார்க்காமல் பேசினார்.

"வண்டிய ஓரமா நிறுத்தும்மா. உனக்கு வலிப்பு கீதுன்னு உங்க அண்ணனே சொல்றாரு. டாக்டர் சர்டிபிகேட் இல்லாம உள்ள உட முடியாது."

வரிசையில் இருந்த எல்லாருக்கும் கேட்டது. பின்னால் ஒருத்தன் சிரித்தான். சூட்டைக் கழற்றாமலே வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்தேன்.

எனக்கு எப்போது வலிப்பு வந்தது? பத்தாவது படிக்கும்போது பள்ளிக்கூட மைதானத்தில் வெயிலில் மயங்கி விழுந்தேன். அன்றைக்குப் பாதி வகுப்பே விழுந்தது. இன்றுவரை அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் இரண்டு மெஷினை ஒரே ஆளாகப் பார்க்கிறேன். வலிப்புக்காரியிடமா கொடுப்பார்கள்?

அதே டிராக்கில் கார் நாளுக்கு நீ போகிறாய். உன் பேரில் நான் என்றைக்காவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கிறேனா? சாரிடம் போய், சொன்னது பொய் என்று சொல். சொல்லும்வரை உனக்குத் தங்கை கிடையாது.

அம்மாவுக்கு என் அன்பு.

இப்படிக்கு,
வலிப்பு இல்லாத யுவராணி

*

அயனம்பாக்கம்
27.1.2025

யுவராணிக்கு,

அண்ணன் செல்வகுமார் எழுதுவது. அம்மாவுக்கு வீக்கம் குறைந்திருக்கிறது. உன் அண்ணி ரேணுகா தைலம் தேய்த்துவிடுகிறாள். நீ கேட்காவிட்டாலும் நானும் நலம்தான்.

சொன்னது சொன்னதுதான். திருப்பி வாங்க மாட்டேன். நம் அப்பாவுக்கு இருந்தது. உனக்கு ஞாபகம் இருக்காது. சோற்றுத் தட்டின் முன் கையை நிறுத்திவிட்டு எங்கேயோ பார்த்துக்கொண்டிருப்பார். கூப்பிட்டால் கேட்காது. கொஞ்ச நேரத்தில் ஒன்றும் நடக்காததுபோல் சாப்பிடுவார். கையும் காலும் இழுக்காவிட்டாலும் அதுவும் வலிப்பு வகைதான், பிள்ளைகளுக்கும் வரலாம் என்று டாக்டர் சொல்கிறார். பைக்கில் அப்படி ஒரு நொடி வந்தால் என்ன ஆவாய்?

நான் வண்டி ஓட்டிச் சோதிப்பதையே வேலையாகச் செய்கிறவன். பிரேக் கம்பெனியின் சோதனை வேனை தினமும் பெங்களூர் ரோட்டில் விரட்டி விரட்டி நிறுத்துகிறேன். எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். காரில் என்னைச் சுற்றி இரும்புக் கூண்டு இருக்கிறது. தோளுக்கு மேல் இறுக்கும் பெல்ட் இருக்கிறது. காரில் தப்பு செய்தால் தகரம் போகும். பைக்கில் தப்பு செய்தால் ஆள் போகும். இதைப் புரிந்துகொள்ளப் பெரிய படிப்பு வேண்டாம்.

முதல் பைக் நாளுக்கு நாம் இருவரும் சேர்ந்துதான் போனோம். இரண்டாவது வளைவில் விழுந்து தோள் எலும்பு உடைந்து மண்ணில் கிடந்தேன். என்னைத் தாண்டி நீ போனாய். கிடந்தபடியே பார்த்தேன். உன் தலைக்கும் தார் ரோட்டுக்கும் நடுவில் ஒரு ஹெல்மெட்தான் இருந்தது. அன்றைக்கே நான் கற்றுக்கொண்டேன். நீ கற்கவில்லை.

வீண் கோபம் உடம்புக்கு ஆகாது.

அன்புடன்,
செல்வகுமார்

*

கோவில்பதாகை
10.2.2025

அண்ணனுக்கு,

இங்கே சுகம். அதற்கு ஆதாரமும் உண்டு. டாக்டர் என்னை நிற்க வைத்து, நடக்க வைத்து, ஆயிரம் கேள்வி கேட்டு, வண்டி ஓட்டத் தடையில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டார். நேற்று பைக் நாள். எல்லாச் சுற்றும் ஓட்டினேன். அம்மாவிடம் சொல்.

உன் இரும்புக் கூண்டுக்கு வருகிறேன். உன் கார் நாளை வேலிக்கு வெளியே நின்று பார்த்திருக்கிறேன். நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, டயர் காற்று, பிரேக் சூடு என்று அரை நாள் பேசுகிறீர்கள். பிறகு கூண்டுக்குள் போய்ப் பெல்ட் மாட்டுகிறீர்கள். வளைவில் ஆக்சிலரேட்டரில் கால் கொஞ்சம் கூடினால் பின்பக்கம் வழுக்கி ஒரு சுற்று சுற்றி நிற்கும். கூடியிருப்பவர்கள் கை தட்டுவார்கள். தப்புக்குக் கைதட்டல்!

பைக்கில் அப்படி ஏமாற்ற முடியாது. எங்கே பார்க்கிறேனோ அங்கேதான் வண்டி போகும். பயந்து மண்ணைப் பார்த்தால் மண்ணுக்குத்தான் போவேன். தொடை, வயிறு, கழுத்து எல்லாம் சேர்ந்துதான் வண்டியைத் திருப்புகிறது. இறங்கும்போது சூட்டுக்குள் வியர்வை குளமாக நிற்கிறது. எஸ்டேட்டில் வாரம் முழுக்க மெஷின் சொல்வதை நான் கேட்கிறேன். அந்த ஒரு நாள்தான் மெஷின் நான் சொல்வதைக் கேட்கிறது.

இன்னொன்று. பைக்கில் தப்பு செய்தால் விழுவது நான் மட்டும்தான். உன் காரில் பக்கத்து சீட் ஒன்று இருக்கிறதே. அண்ணியை ஏற்றிக்கொண்டு சுற்றிக் காட்டுகிறாயே, உன் தப்பில் அவள் பங்கு என்ன?

நீ பயந்து காருக்குப் போனாய். பயந்ததில் தப்பில்லை. அந்தப் பயத்துக்கு அறிவு என்று பெயர் வைத்தாயே, அதுதான் தப்பு.

அம்மாவின் காலைப் பார்த்துக்கொள்ளவும்.

யுவராணி

*

அயனம்பாக்கம்
15.2.2025

யுவராணிக்கு,

எல்லாரும் நலம்.

பயம் என்று எழுதிவிட்டாய். அதையும் ரேணுகா படித்தாள். படித்துவிட்டுச் சிரித்தாள்.

இனி இந்த வீட்டுக்கு வராதே. அம்மாவைப் பார்க்க வேண்டுமானால் நான் வேலைக்குப் போன நேரத்தில் வந்துவிட்டுப் போ. நீ மண்ணில் கிடக்கும் அன்றைக்கு எனக்குச் சொல்லி அனுப்பாதே.

செல்வகுமார்

*

கோவில்பதாகை
30.3.2025

அண்ணனுக்கு,

நலம். நீ எப்படி இருக்கிறாய் என்று இந்த முறை நிஜமாகவே கேட்கிறேன்.

வெள்ளிக்கிழமை எனக்கு ஷிப்ட் இல்லை. நீ சொன்னபடி நீ இல்லாத நேரத்தில் வந்தேன். கதவைத் திறந்த அண்ணியின் கழுத்தில் ஆஸ்பத்திரிப் பட்டை. ஒரு கையால் விலாவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "இன்னா அண்ணி இது?" என்றேன். "பாத்ரூம்ல வழுக்கிகினு உய்ந்துட்டேன்" என்றாள். சொல்லும்போது அம்மாவைப் பார்த்தாள். அம்மா அவசரமாக, "நீ துன்னியா கண்ணு? தோசை ஊத்தட்டா?" என்று எழுந்துவிட்டாள். முழங்கால் வலிக்காரி அவ்வளவு வேகமாக எழுந்து நான் பார்த்ததில்லை.

வாசலில் உன் காரைக் காணவில்லை. மூடி வைக்கும் துணி மட்டும் மடித்துக் கிடந்தது.

கார் எங்கே? என்ன நடந்தது? சண்டை ஒரு பக்கம் இருக்கட்டும். பதில் போடு.

யுவராணி

*

அயனம்பாக்கம்
13.4.2025

யுவராணிக்கு,

இங்கே அனைவரும் நலம். வெயில் இப்போதே கொளுத்துகிறது. ஏரியில் தண்ணீர் இறங்கிக்கொண்டே போகிறது. நாளை வருஷப் பிறப்பு. அம்மா உனக்கு வாழ்த்து சொல்லச் சொன்னாள்.

ரேணுகா வழுக்கி விழுந்தாள். சரியாகிவிட்டது. கார் அம்பத்தூரில் ஷெட்டில் இருக்கிறது. முன்பக்கத்துக்குப் பெயின்ட் அடிக்கக் கொடுத்திருக்கிறேன். டயர் நாலும் மாற்றுகிறேன். உன் பைக்குக்கு இரண்டு டயர்தான், அதனால் இந்தச் செலவெல்லாம் உனக்குப் புரியாது என்று சிரிக்காதே. நாலு சக்கரத்துக்கும் எடை எப்படிப் பங்கு போகிறது என்பது தனிக் கலை. பிரேக்கை மெல்ல விட்டால் முன்மூக்கு வளைவுக்குள் தானாக நுழையும். அந்தச் சுகத்தை உடம்பை வளைத்துத் தொங்குகிறவர்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது.

மே மாதக் கார் நாளுக்குப் பெயர் கொடுத்துவிட்டேன். உன் விசாரணையை இதோடு நிறுத்திக்கொள்.

செல்வகுமார்

*

கோவில்பதாகை
17.4.2025

அண்ணனுக்கு,

நான் சுகம். நீ சுகமில்லை. எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது.

பெயின்ட் என்று எழுதினாய். ஞானசேகரன் சாரிடம் நேராகவே கேட்டேன். மார்ச் மாதக் கார் நாளில் நீ வளைவே எடுக்காமல் போய் டயர் அடுக்கிய தடுப்புச் சுவரில் இடித்தாய் என்றார். காரில் இரண்டு பேர் என்றார். பிரேக் பிடிக்கவில்லை என்று அவரிடம் சொன்னாயாம். பிரேக் கம்பெனிக்காரன் சொன்னதால் அவரும் நம்பிவிட்டார்.

நேற்று அண்ணி மாவு அரைக்கக் கடைக்கு வரும் நேரம் பார்த்து வழியில் நின்றேன். முதலில் என்னைத் தாண்டிப் போகப் பார்த்தாள். பிறகு ஓரமாக ஒரு வண்டியில் சாய்ந்துகொண்டு அழுதாள். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், நீயும் ஒரு தடவை கேள்.

"நேர் ரோட்ல போய்கினு கீறோம் யுவா. வளைவு வருது. இவரு திருப்பல. பேர் சொல்லி கத்துறேன். கண்ணு தெறந்துதான் கீது, ஆனா ஆளு அங்க இல்ல. கை ஸ்டீயரிங்க தடவிகினே கீது. நான்தான் புட்சி இழுத்தேன். இல்லன்னா நேரா போயிருப்போம். இட்ச பொறவு, இன்னாச்சி ரேணுன்னு என்னியவே கேக்குறாரு."

"இதுக்கு முன்னாடியும் வந்துச்சா அண்ணி?"

"டிசம்பர்ல ஊட்ல ஒரு வாட்டி. டாக்டர் மாத்திரை கொடுத்தாரு, வண்டி தொடக் கூடாதுன்னாரு. தூக்கம் வருதுன்னு மாத்திரையும் போடல. யார்கிட்டியும் சொல்லக் கூடாதுன்னு அம்மா தலையில அடிச்சி சத்தியம் வாங்கிட்டாரு."

எந்த டாக்டர் சொன்னார், எதற்காக டாக்டரிடம் போனாய் என்று ஜனவரியிலேயே நான் கேட்டிருக்க வேண்டும். உனக்கு வந்த நோயை என் பேரில் சொல்லி என்னை இறக்கிவிட்டாய். எனக்கும் வந்துவிடுமோ என்ற பயத்தில் செய்தாய் என்று அண்ணி சொல்கிறாள். இருக்கட்டும். அதே பயம் உன் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தவள்மேல் ஏன் வரவில்லை?

இன்று காலை சாரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். உன் பெயரை அடித்துவிட்டார். நீ சொன்னது பொய், நான் சொன்னது உண்மை. மற்றபடி நாம் செய்தது ஒன்றுதான்.

மாத்திரையைப் போடு.

யுவராணி

*

அயனம்பாக்கம்
21.4.2025

யுவராணி,

நலம் விசாரிக்கும் நாடகம் இனி வேண்டாம்.

டிராக்கோடு நிறுத்திக்கொள். கம்பெனிக்குச் சொன்னால் என் வேலை போகும். ஓட்டுவதைத் தவிர எனக்கு வேறு எதுவும் தெரியாது. இது வந்துபோவது சில நொடிகள். அந்தச் சில நொடிக்காக ஒரு மனுஷனின் மொத்தப் பிழைப்பையும் பிடுங்குவாயா? மாத்திரை போடுகிறேன். ரோட்டில் மெதுவாகப் போகிறேன். பக்கத்தில் என்னோடு வேலை செய்யும் இளங்கோ அளவெடுக்கும் கருவிகளோடு உட்கார்ந்திருக்கிறான், ஏதாவது என்றால் அவன் பார்த்துக்கொள்வான்.

கெஞ்சுகிறேன் என்று நினைக்காதே. எச்சரிக்கிறேன்.

செல்வகுமார்

*

அயனம்பாக்கம்
10.6.2025

யுவராணி,

எனக்கு நீ பதில் போடவில்லை. பதிலைக் கம்பெனிக்குப் போட்டுவிட்டாய்.

போன வாரம் மேனேஜர் கூப்பிட்டு, கம்பெனி டாக்டரிடம் அனுப்பினார். வீட்டு ஆளே போன் செய்து சொன்னதாகச் சொன்னார். யார் என்று சொல்லவில்லை. சொல்லவும் வேண்டாம். அதே அறையில் சாவியைத் திருப்பிக் கொடுத்தேன். வேலையை விட்டு எடுக்கவில்லை. மற்றவர்கள் ஓட்டிக்கொண்டு வரும் கணக்கைக் கம்ப்யூட்டரில் ஏற்றும் மேஜையில் உட்கார வைத்திருக்கிறார்கள். ஜன்னல் வழியாக என் வேன் கிளம்பிப் போவது தெரிகிறது. புதுப் பையன் கிளட்சை அரைத்துக்கொண்டு எடுக்கிறான்.

ரேணுகா டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்துவிட்டாள். அம்மாவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போக ஒருத்தர் வேண்டுமே. சின்ன கார் ஒன்றை இரவல் வாங்கி, ஞாயிற்றுக்கிழமைகளில் ஏரிக்கரைப் பக்கம் பழகுகிறாள். நான் பின்னால் உட்கார்ந்து வருகிறேன். முன்னால் உட்கார்ந்தால் காலால் இல்லாத பிரேக்கை மிதிக்கிறேனாம், அவளுக்குப் படபடப்பாக இருக்கிறதாம்.

நீ ஜெயித்துவிட்டாய். பைக் பெரிது, கார் சிறிது. போய் உன் வளைவுகளை எடு. நான் செத்தாலும் நீ வர வேண்டாம்.

செல்வகுமார்

*

கோவில்பதாகை
18.6.2025

அண்ணனுக்கு,

ஆமாம். கம்பெனிக்குப் போன் செய்தது நான்தான். எத்தனை தடவை கேட்டாலும் அதைத்தான் சொல்வேன்.

நானும் தலைக்கு டெஸ்ட் எடுத்துக்கொண்டேன். முடி முழுக்கப் பசை தடவி வயர்களை ஒட்டி, விளக்கை அணைத்து அணைத்துப் போட்டார்கள். ஒன்றும் இல்லை என்றார்கள். நீ கேட்க மாட்டாய். அதனால் நானே எழுதுகிறேன்.

அம்மாவுக்கும் அண்ணிக்கும் என் அன்பு.

யுவராணி

*

அயனம்பாக்கம்
31.8.2025

யுவராணிக்கு,

அம்மா நலம். ரேணுகாவுக்குக் கழுத்து வலி போய்விட்டது. லைசென்ஸும் வந்துவிட்டது. அம்பத்தூர் சிக்னலில் பஸ்காரனைப் பார்த்துத் திட்டும் அளவுக்குத் தேறிவிட்டாள்.

போன புதன்கிழமை மேஜையில் உட்கார்ந்திருந்தேன். அடுத்து எனக்குத் தெரிந்தது, இளங்கோ என் சட்டையில் கொட்டிய டீயைத் துடைத்துக்கொண்டிருந்தான். "இன்னாண்ணே, எத்தினி வாட்டி கூப்புடுறேன், அப்படியே பாத்துகினு கீறியே" என்றான். மாத்திரை போட்டும் வந்திருக்கிறது. அளவைக் கூட்ட வேண்டும் என்கிறார் டாக்டர்.

மணியைப் பார்த்தேன். வழக்கமாக பெங்களூர் ரோட்டில் வேனை முழு வேகத்தில் விரட்டும் நேரம். இளங்கோ பக்கத்தில் உட்கார்ந்திருப்பான். அவன் துணியைப் பிழிந்துகொண்டு தன் மகளுக்குக் காது குத்துவதைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தான். நான் அவன் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. அவன் அதையும் வியாதி என்று நினைத்துக்கொண்டான்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து ரேணுகாவிடம், யுவா செய்தது சரிதானோ என்னவோ என்றேன். அந்த ஒரு வார்த்தைதான் சொன்னேன். அவள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து என் முன்னால் நின்றாள். "போன் பண்ணது யுவா இல்ல. நான்தான். அதுக்கு எந்த நம்பருன்னுகூடத் தெரியாது" என்றாள்.

நான் அவளைத் திட்டவில்லை. ஆனால் நீ ஏன் நான்தான் என்று எழுதினாய்? மூன்று மாதமாக நான் உன்னைத் திட்டாத நாளில்லை. ரேணுகா பக்கத்தில் உட்கார்ந்து அதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

உன் டெஸ்டில் ஒன்றும் இல்லை என்று எழுதியிருந்தாய். அந்தக் கடிதத்தை பஸ்ஸில் வைத்துப் படித்தேன். படித்துவிட்டு ஏதோ ஒரு ஸ்டாப்பில் இறங்கி நின்றுகொண்டிருந்தேன். இதை எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன்.

டிராக்கில் என்னைக் காட்டிக்கொடுத்ததை மட்டும் நான் மன்னிக்கவில்லை. அது வேறு. பைக் பற்றியும் என் எண்ணம் மாறவில்லை. இன்றைக்கும் ஆள் போகிற விளையாட்டுதான் அது.

வரும் ஞாயிற்றுக்கிழமை ரேணுகா சங்கரா மீன் குழம்பு வைக்கிறாள். அம்மா உன்னைக் கேட்கிறாள். வந்தால் வா.

செல்வகுமார்

*

கோவில்பதாகை
3.9.2025

அண்ணனுக்கு,

இங்கே சுகம். மாத்திரை அளவைக் கூட்டியாயிற்றா என்று அண்ணியிடம் கேட்டுக்கொள்கிறேன். உன் வார்த்தையை நம்புவதாக இல்லை.

ஏன் என்று கேட்டாய். வீட்டு ஆள் என்று நீ எழுதியதுமே அது அண்ணிதான் என்று எனக்குப் புரிந்துவிட்டது. நீ தினமும் சோறு தின்பது அண்ணி கையால். ராத்திரி அவள் பக்கத்தில்தான் படுக்க வேண்டும். என் மேல் வெறுப்பு வந்தால் உனக்கு ஒரு கடிதம் குறையும், அவ்வளவுதான். அவள் மேல் வந்திருந்தால் அந்த வீட்டில் மூன்று பேருக்கும் உட்கார இடம் இருந்திருக்காது. யாராவது ஒருத்தர் வாங்கிக்கொள்ள வேண்டியிருந்தது. எனக்கு வலிக்காமல் இல்லை.

நானும் உன்னை மன்னிக்கவில்லை. அந்த வரிசையில் சிரித்தவனை இப்போதும் டிராக்கில் பார்க்கிறேன். ஒவ்வொரு சுற்றிலும் அவனைத் தாண்டிப் போகிறேன். அப்படியும் ஆறவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வர முடியாது. அன்றைக்குப் பைக் நாள். நீ அன்று முழுக்க வாசலுக்கும் உள்ளுக்கும் நடப்பாய் என்று தெரியும். நட. டாக்டரும் உன்னை நடக்கத்தான் சொல்லியிருக்கிறாராம்.

திங்கட்கிழமை வேலை முடிந்து வருகிறேன். மீன் குழம்பு மறுநாள்தான் ருசி. எனக்கு எடுத்து வைக்கச் சொல்.

யுவராணி